விளையாட்டுக் கடையும் துபாஷியும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் 18ஆம் குறுக்குத் தெருவிலிருந்து வடமேற்காகச் சிறிது தூரம் நடந்தால் இந்திய அறிவியல் கழகத்தின் மரஞ்செறிந்த வளாகம் எதிர்ப்படும். 1909ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்திற்கு 1933இல் சர் சி. வி. ராமன் இயக்குநராக வந்தார். பின்னர் மல்லேஸ்வரத்திலேயே அவருக்கு ஓர் இல்லமும் அமைந்தது. கல்வி தேடியும் பணி தேடியும் தமிழர் இப்பேட்டைக்கு வந்து குடியேறுதல் புதிய செய்தியன்று. அடியேனும் அவ்வாறு வந்தவனே.

அவ்வளாகத்தைச் சேர்ந்த ஜே. என். டாடா அரங்கில், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், டிசம்பர் மாதந்தோறும் ஒரு மாநாடு கூடி வந்தது. ‘லினக்ஸ் பெங்களூர்’ என்பது அதன் பெயர். 2001இல் தொடங்கிய அது, 2005 முதல் ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாறி, 2012இல் கடைசி முறையாகக் கூடியது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் தலையாயவர் அதுல் சிட்னிஸ். 1996ஆம் ஆண்டிலேயே ‘பிசி குவெஸ்ட்’ என்னும் இதழின் வாயிலாக லினக்ஸ் அடங்கிய குறுந்தகடுகள் நாடெங்கும் வாசகர் கைக்குச் சேரச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இணையம் மிக மெதுவாக ஊர்ந்த அக்காலத்தில், பல நூறு மெகாபைட் அளவுள்ள ஒன்றைத் தொலைபேசிக் கம்பி வழியே இறக்கிக்கொள்வது எவர்க்கும் இயலாத காரியம். இதழோடு வந்த தகடுதான் பலருக்கு முதல் வாயில்.

லினக்ஸ் என்பது யாதென இரண்டொரு சொற்களில் கூறிவிடுகிறேன். கணிப்பொறிக்குள் எல்லா வேலைக்கும் அடிப்படையாக இயங்கும் நிரலை இயங்குதளம் என்பர். பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸோ, எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் உரிமத்துடன் வளர்ந்தது. இன்று உலகின் பெரும் இணைய நிலையங்கள் அதன்மேல் நிற்கின்றன. நம் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளமும் அதுவே.

இத்துணைப் பெருமை வாய்ந்த லினக்ஸை வீட்டுக்குள் அழைத்து வந்தால் பிள்ளைகள் கேட்ட முதற் கேள்விக்கே விடையில்லாமற் போயிற்று. “இதில் விளையாட முடியுமா?” என்பதே அக்கேள்வி. விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் சரியாகாது. கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் எந்தக் கணிப்பொறியும் போதும். ஒரு குடும்பத்துக் கணிப்பொறியில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பல வீடுகளில் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவர்களே. பெற்றோர் பணத்தைக் கொடுத்தனர், முடிவு பிள்ளைகளுடையது.

விளையாட்டுகள் லினக்ஸுக்கு வராமலே இருந்தன என்பதும் பொருந்தாது. ‘டூம்’ என்னும் புகழ் பெற்ற விளையாட்டு 1994இலேயே லினக்ஸில் இயங்கியது. 1997இன் இறுதியில் அதன் மூல நிரலை உலகுக்கு வெளியிட்டபோது, வெளிவந்தது லினக்ஸ் வடிவத்தின் நிரலே என்பது சுவையான செய்தி. 1998இல் அமெரிக்காவில் ஸ்காட் டிரேக்கர் என்பவர் லோக்கி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறர் விண்டோஸுக்கென ஆக்கிய விளையாட்டுகளை உரிமை பெற்று, லினக்ஸுக்கு ஏற்ப மாற்றியமைத்து, பெட்டியில் வைத்து விற்பது அவர் தொழில். 1999இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ அதன் முதல் சரக்கு. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்னும் நிரற்றொகுதி இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்குள் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் லோக்கி நிலைக்கவில்லை. ஒரு விளையாட்டை மாற்றி முடிப்பதற்குள் அதன் விண்டோஸ் வடிவம் பழசாகிக் கழிவு விலைக்கு வந்துவிடும். லினக்ஸ் அன்பரும் ஆவலை அடக்க மாட்டாமல் அந்த மலிவுப் பெட்டியையே வாங்கிவிடுவார். அவர் கணிப்பொறியின் ஒரு மூலையில் விண்டோஸ் ஒளிந்துகொண்டுதான் இருந்தது. 2002 ஜனவரியில் லோக்கி கதவை மூடியது.

அதே ஆண்டுகளில் நம் மல்லேஸ்வரத்துக்கு அருகிலேயே வேறொரு முயற்சி நடந்தது. அதனை இங்கே சற்று விரித்துக் கூற வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர், என்கோர் என்னும் பெங்களூர் நிறுவனத்தாருடன் கூடி, ‘சிம்ப்யூட்டர்’ என்ற கைக்கணிப்பொறியை வடித்தனர். 2001இல் அது உலக இதழ்களின் பாராட்டைப் பெற்றது. ஏழைகளும் எழுத்தறியாதவர்களும் பயன்படுத்தத்தக்கதாக, இந்திய மொழிகளைப் பேசிக் காட்டுவதாக அதனைத் திட்டமிட்டனர். உள்ளே இயங்கியது லினக்ஸ். 2004இல் ‘அமிடா’ என்ற பெயருடன் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு அது விற்பனைக்கு வந்தபோது, கருவியைச் சாய்த்தால் அச்சாய்வை அறிந்துகொள்ளும் உறுப்பு ஒன்றும் அதில் இருந்தது. அத்தகைய உறுப்பு தொலைபேசிகளில் பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நம்மவர் அதனைக் கையடக்கக் கருவியில் வைத்துவிட்டனர். ஆயினும் எதிர்பார்த்த எண்ணிக்கையில் அது விலைபோகவில்லை.

ஏன் விலைபோகவில்லை என்பதற்குப் பலர் பல காரணம் கூறுவர். விலை, கைத்தொலைபேசியின் பெருக்கம், அரசின் கொள்முதல் போதாமை என்று அவை நீளும். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு. கருவி நன்றாயிருந்தது, அதற்குள் போட்டுக்கொள்ளச் சரக்கு நிரம்பிய கடை ஒன்று இல்லை. சந்தையில்லாத ஊருக்குச் சாலை போட்டதுபோல் ஆயிற்று. இக்கருத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; பதினெட்டு ஆண்டுகள் கழித்து இது மீண்டும் நம் முன் வரும்.

கடை என்றேன். கணிப்பொறி விளையாட்டுக்கான கடை 2003 செப்டம்பரில் ‘ஸ்டீம்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. நடத்துவது வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம். தொடக்கத்தில் தன் விளையாட்டுகளில் நேரும் பிழைகளைத் திருத்தி அனுப்புவதற்காகவே அது பயன்பட்டது. 2004 நவம்பரில் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப் 2’ என்னும் விளையாட்டைக் கடையிற் காசு கொடுத்துத் தகடாக வாங்கியவரும், இணையத்தில் ஸ்டீம் கணக்கைத் திறந்தால்தான் விளையாடலாம் என்ற நிலை ஏற்பட்டது. அகண்ட அலைவரிசை இணைப்பை பி.எஸ்.என்.எல். இங்கே 2005 ஜனவரியில்தான் தொடங்கிற்று. ஆகவே நம் நாட்டுச் சிறுவர்களுக்கு அக்கடை எட்டாக்கனி. இணையம் வந்த பின்பும் விலை டாலரில். வெளிநாட்டுப் பணம் செலுத்தும் அட்டை தந்தையிடம் இருந்தால்தான் உண்டு. நகரத்துக் கடைவீதிகளில் நூறு ரூபாய்க்குக் கிடைத்த திருட்டுப் பிரதிகள் தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2015 நவம்பரில்தான் ஸ்டீம் ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. அதன் பின்னர், கல்லூரி மாணவரும் ஆண்டிறுதித் தள்ளுபடிக்குக் காத்திருந்து முறையாக வாங்கும் பழக்கம் பரவலாயிற்று.

பெங்களூரும் அக்காலத்தில் வெறுங்கையோடு இருக்கவில்லை. 1997இல் ராஜேஷ் ராவ் நிறுவிய துருவா என்னும் நிறுவனம் அயல்நாட்டு விளையாட்டுகளுக்குச் சித்திர வேலையும் நிரல் வேலையும் செய்து கொடுத்தது. 2019இல் அது ராக்ஸ்டார் என்னும் பெருநிறுவனத்தின் வசமாயிற்று. கை நம்முடையது, கடை பிறருடையது.

இனித் துபாஷிக்கு வருவோம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1747இல் துய்ப்ளே துரைக்குத் தலைமைத் துபாஷியானார் என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்கவில்லை. தமிழ் வணிகர் பிரெஞ்சு கற்கவில்லை. இடையே இரு மொழியும் அறிந்த ஒருவர் நின்று வியாபாரத்தை நடத்தி வைத்தார். லினக்ஸில் விளையாட்டு வந்து சேர்ந்ததும் இவ்வழியாலேயே. லோக்கி செய்தது ஒவ்வொரு விளையாட்டுக்கும் லினக்ஸ் மொழியைக் கற்பித்தல். 1993இல் தொடங்கப்பட்ட ‘வைன்’ என்னும் நிரலோ துபாஷியின் வேலையைச் செய்தது. விளையாட்டானது விண்டோஸை நோக்கி, “இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு” என்று கேட்கும். வைன் நடுவில் நின்று அக்கோரிக்கையை லினக்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றிச் சொல்லும். விண்டோஸ் அங்கே இல்லை என்பது விளையாட்டுக்குத் தெரியவே தெரியாது. அலெக்சாண்டர் ஜூலியார் என்பவரின் தலைமையில் தன்னார்வலர் பலர் உழைத்தும், வைன் தன் முதற் பதிப்பை எட்டியது 2008இல், பதினைந்து ஆண்டுகள்! விண்டோஸின் உட்பொருளை அதன் உரிமையாளர் வெளியிடாதபோது, வெளியிலிருந்து தட்டித் தட்டி ஓசையைக் கேட்டு ஊகித்தே எழுத வேண்டியிருந்தது.

துபாஷி கிடைத்தும் வணிகர் யாரும் அவரைக் கூலிக்கு அமர்த்தவில்லை. நிலைமை மாறியது 2012இல். மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் 8இல் சொந்தக் கடை ஒன்றையே திறந்து வைத்தது. ஸ்டீமின் அதிபர் கேப் நியூவெல், முன்பு மைக்ரோசாஃப்டிலேயே பதின்மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தவர். வீட்டுக்காரரே வாசற்படியில் கடை போட்டால் வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் கதி என்னவாகும் என்பது அவருக்குப் புரியாதிராது. விண்டோஸ் 8 பெருங்கேடு என்று வெளிப்படையாகவே கூறினார். மாற்று இடமாக அவர் கண்டது லினக்ஸை. 2013 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது.

விடுதலை வேட்கையுள்ள இளைஞர்கள் இருபது ஆண்டு பாடுபட்டுத் திறக்க முடியாத கதவை, தன் வருமானத்துக்கு அஞ்சிய ஒரு கடைக்காரர் திறந்தார். இதனைக் குறையாகக் கூறவில்லை. சரித்திரத்தில் இவ்வாறு நடப்பது அரிதும் அன்று. ஆனால் கதவு யார் கையால் திறந்தது என்பதை மறந்துவிடுதலும் ஆகாது.

முதல் முயற்சி தோல்வி. 2015 நவம்பரில் ‘ஸ்டீம் மெஷின்’ என்ற பெயரில் பல நிறுவனங்கள் லினக்ஸ் கணிப்பொறிகளை விற்றன. அவற்றுக்கென மாற்றியமைத்த விளையாட்டுகள் சிலவே. மக்கள் கைவிட்டனர். கடைக்காரர் பாடம் கற்றார்; துபாஷியை அழைத்தார். 2018 ஆகஸ்டில் வைனை அடிப்படையாகக் கொண்ட ‘புரோட்டான்’ வெளிவந்தது. முதல் நாளில் சோதித்து ஒப்புதல் பெற்றவை 27 விளையாட்டுகள் மட்டுமே. இதில் இன்னொரு தனிமனிதரின் பங்கும் உண்டு. பிலிப் ரெபோலே என்பவர், ‘நியர் ஆட்டோமாட்டா’ என்னும் ஒரே ஒரு விளையாட்டைத் தம் லினக்ஸில் ஆட வேண்டுமென்ற ஆசையால், விண்டோஸின் சித்திர ஆணைகளை ‘வல்கன்’ என்னும் பொது முறைக்கு மாற்றும் நிரலை எழுதத் தலைப்பட்டார். ‘டி.எக்ஸ்.வி.கே.’ என வழங்கும் அந்நிரல் புரோட்டானின் உயிர்நாடியாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள், ஆக்கியோர் ஒரு வரியும் மாற்றாமலே, லினக்ஸில் ஓடத் தொடங்கின.

2022 பிப்ரவரியில் வால்வ் ‘ஸ்டீம் டெக்’ என்ற கைக்கருவியை விற்கத் தொடங்கியது. உள்ளே லினக்ஸ். கையில் ஏந்திச் சாய்த்தால் அறிந்துகொள்ளும் உறுப்பும் உண்டு. அதனைப் பற்றிப் படித்தபோது டாடா அரங்கின் பக்கத்தில் பிறந்த சிம்ப்யூட்டர் நினைவுக்கு வந்ததில் வியப்பென்ன? இரண்டும் லினக்ஸ் கைக்கருவிகளே. ஒன்றுக்குப் பின்னால் அறிஞர் நால்வரும் உயர்ந்த நோக்கமும் நின்றனர். மற்றதற்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுகளாகச் சரக்கு நிரப்பிய ஒரு கடை நின்றது. நோக்கத்தில் உயர்ந்தது எது என்று கேட்டால் எனக்கு ஐயமில்லை. விற்றது மற்றது.

இன்றைய நிலை என்ன? 2025 அக்டோபரில் ஸ்டீம் எடுத்த கணக்கெடுப்பில், தன் வாடிக்கையாளருள் லினக்ஸ் உடையோர் முதன்முறையாக நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேலாயினர். அதே மாதம் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு முடிந்தது. பழைய கணிப்பொறியை வீசிவிட மனமில்லாத இல்லங்களில் லினக்ஸைப் பற்றிய பேச்சு எழுந்தது இயல்பே. மற்றக் கடைகளின் போக்கு வேறு. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் திறந்த கடை லினக்ஸுக்கு வரவில்லை. ‘ஹீரோயிக்’ என்னும் நிரலை அன்பர்கள் தாமே எழுதிப் பின்வாசல் வழியாக அதனுள் நுழைகின்றனர். போலந்து நாட்டு ‘ஜி.ஓ.ஜி.’ 2014 முதல் லினக்ஸ் விளையாட்டுகளை விற்கிறது. ‘இட்ச்’ என்னும் கடையில் சிறு கலைஞர்கள் தம் ஆக்கங்களைத் தாமே வைத்து விற்கின்றனர்.

பலர் கூடிப் போட்டியிடும் விளையாட்டுகளில்தான் துபாஷியின் வல்லமை எடுபடவில்லை. அங்கே ஏமாற்றுவோரைப் பிடிக்கக் காவல் நிரல்கள் உண்டு. அவற்றுட் சில விண்டோஸின் அடிவேர் வரை சென்று அமர்ந்துகொள்வன. நடுவில் நிற்கும் துபாஷியையே அவை கள்வனென்று ஐயுறும். நம் நகரத்து இளைஞர் விரும்பி ஆடும் ‘வாலரண்ட்’ லினக்ஸில் ஓடாது. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ சில காலம் இடங்கொடுத்து, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரரை வெளியேற்றியது. பணம் செலவழித்தோரும் அதனுள் இருந்தனர். அயலூரில் பல்லாண்டு வாழ்ந்தும், முகவரிச் சான்று கேட்கப்படும்போது வாசலில் நிறுத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

என் பேரன் மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவன். சென்ற ஆண்டு வேலையாகிப் புனேக்குப் புறப்பட்டான். பெட்டி கட்டும்போது உடனிருந்தேன். என் தந்தை தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தபோது கொண்டு வந்த பல்லாங்குழிப் பலகை இன்னும் எங்கள் பரணில் உள்ளது. பேரன் பெட்டியிலோ ஒரு விளையாட்டும் இல்லை. “எல்லாம் கணக்கில் இருக்கிறது, தாத்தா. எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்” என்றான். ஊர் ஊராகப் பெயர்ந்து வாழ்வோர்க்கு இது எவ்வளவு வசதி! சுமையில்லை, தகடு உடைவதில்லை.

“உன் கணக்கு உனக்குப் பின் யாருக்கு?” என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவன் தேடிப் பார்த்துச் சொன்ன விடை இருவரையும் சற்றுச் சிந்திக்க வைத்தது. ஸ்டீமில் வாங்குவது விளையாட்டையன்று, அதனை ஆடுவதற்கான உரிமத்தையே. அதனைப் பிறர்க்கு மாற்றித் தரவும் இயலாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், இதனை வாங்குவோர்க்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று இணையக் கடைகளைப் பணித்தது. 2024 அக்டோபரிலேயே ஸ்டீம் அவ்வறிவிப்பைப் பணம் செலுத்தும் இடத்தில் வைத்துவிட்டது. ஜி.ஓ.ஜி. கடையில் வாங்கியதையோ பூட்டில்லாத கோப்பாக இறக்கி, நம் வட்டிலே சேமித்து வைத்துக்கொள்ளலாம். பேரன் அன்றிரவே அவ்வாறு வாங்கிய நான்கைந்து விளையாட்டுகளைச் சிறு நினைவுக் குச்சி ஒன்றில் இட்டு, துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். லினக்ஸின் அடித்தளம் திறந்தது. அதன்மேல் நிற்கும் கடை பூட்டியது. விலையில் பொதுவாக 30 விழுக்காட்டைக் கடை எடுத்துக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி வைன், வல்கன் முதலிய பொதுப்பணிகளுக்குச் செலவாகி, மூல நிரலாக எல்லோர்க்கும் திரும்பி வருவதும் உண்மை. கடை நாளை மூடினாலும் புரோட்டானின் நிரல் அழியாது; எவரும் எடுத்து வளர்க்கலாம். லோக்கி மூடியபின் எஸ்.டி.எல். வாழ்ந்தது போல. விளையாட்டுகளுக்கு அந்த உறுதி இல்லை.

தமிழின் நிலையையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் கடையின் முகப்பை ஏறத்தாழ 30 மொழிகளில் காணலாம். தமிழோ கன்னடமோ அவற்றுள் இல்லை. ஆனால் காசு கேளாத லினக்ஸ் விளையாட்டுகளில் தமிழ் உண்டு. குழந்தைகள் படம் வரையும் ‘டக்ஸ் பெயிண்ட்’, கல்வி விளையாட்டுகளின் தொகுதியான ‘ஜிகாம்ப்ரி’ ஆகியவற்றைத் தன்னார்வலர் தமிழாக்கியுள்ளனர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழெழுத்து கண்ணில் படும் இடங்கள் வெளிமாநிலத்தில் மிகச் சில. எங்கள் வீட்டு எதிர்ச்சாரியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பழைய கணிப்பொறி ஒன்றில் டக்ஸ் பெயிண்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பொத்தான்களின் மேலுள்ள சொற்களை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ‘அழி’ என்பதை அறிந்துகொண்டாளாம். அன்று முழுவதும் வரைந்ததையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள் என்று அவள் தாய் குறைப்பட்டுக்கொண்டார்.